தாய் வெளியே கிளம்பத் தயங்கினால்

பாலக்கோட்டில் மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுச் சிறுவனைச் சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள நீங்கள் சென்றும், அவன் தாய் வெளியே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதல் சில வாரங்களுக்கு அவரை வெளியே போகச் சொல்லாதீர்கள். அவர் ஊட்டும் முறையை ஒரு வேளை உணவின்போது பார்த்துவிட்டு, மறுவாரம் அவர் அருகிலிருக்க நீங்களே ஊட்டுங்கள்.

அவர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பதை உங்கள்மீதான அவநம்பிக்கையாக நான் கருதவில்லை. பெரும்பாலும் புரை ஏறிவிடுமோ என்ற அச்சமே. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குக் கெட்டியான ராகிக் கூழைவிட நீர்த்த கஞ்சியும் தண்ணீருமே எளிதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் என்பதை, இருமலோடு இரவுகளைக் கழித்த தாய் அறிவார்.

குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, அரைத் தேக்கரண்டியாக ஊட்டி, வாய் காலியானதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள். அதைக் கண்டபின் அவர் தெருமுனைக் கடைக்குப் பத்து நிமிடம் போய்வந்தால் காரணம் அந்த அச்சமே. போகவில்லையெனில், வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்வார்களோ என்ற தயக்கமாகவும் இருக்கலாம்; பக்குவமாக அவரிடமே கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: குழந்தைக்கு வலிப்பு உண்டெனில், மருந்தின் அளவும் நேரமும் எழுத்தில் கைக்கு வராமல் தனியே பொறுப்பேற்க வேண்டாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.