சீருடையிலிருந்து மனிதவளப் பிரிவுக்கு: கிளிநொச்சி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் தருமபுரத்தைச் சேர்ந்தவள். வயது 35. சீருடை அணிந்து வேலை செய்யும் அரச சேவையான சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணை ஒன்றில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளாக எங்கள் பிரிவின் வரவுப் பதிவு, லீவு, கடமைப் பட்டியல் எல்லாம் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. உயர்தரம் கலைப்பிரிவில் சித்தியடைந்திருக்கிறேன். ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? சீருடையில் இருந்தவளை எடுப்பார்களா? என்ன படிக்க வேண்டும்?

பதில்: விண்ணப்பியுங்கள், சகோதரி. தயங்க வேண்டியதில்லை. வரவுப் பதிவு, லீவு, கடமைப் பட்டியல் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் உதவியாளராகச் சேரும் ஒருவரிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலை அதுவேதான். கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வன்னிக் கிராமங்களிலிருந்து பெண்கள் விடியமுன் பஸ் ஏறி வருகிறார்கள். அவர்களின் மொழியும் வீட்டு நிலைமையும் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பது நிர்வாகத்துக்கும் நல்லது, அந்தப் பெண்களுக்கும் நல்லது. காலபோக அறுவடை நேரத்தில் வரவு ஏன் குறைகிறது, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு லீவு கேட்பவர்களை எப்படி முறைவைத்து அனுப்புவது, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 அன்று லீவு கேட்பவரிடம் காரணத்தை ஏன் துருவக் கூடாது என்பதையெல்லாம் கொழும்பிலிருந்து வரும் முகாமையாளருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்களுக்கு அவை தெரியும்.

ஆனால் ஒன்றை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சீருடைப் பணியில் ஆட்களை நடத்துவது கட்டளை. தொழிற்சாலையில் சட்டமும் நியமனக் கடிதமும்தான் அந்த இடத்தில் நிற்கின்றன. தையல் பிரிவில் ஒரு பெண் மூன்று நாட்களாக வரவில்லை, தகவலும் இல்லை என்று வையுங்கள். நீங்கள் பழகிய முறையில் அறிக்கை மேலே போகும், தண்டனை கீழே வரும். இங்கே முதலில் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். பதில் இல்லையென்றால், விளக்கம் கேட்டு, பதில் தர வேண்டிய திகதியையும் குறிப்பிட்டு, வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். தபால் பற்றுச்சீட்டை அவருடைய கோவையில் சேர்த்து வைக்க வேண்டும். அதற்கும் மறுமொழி வராவிட்டால் இரண்டாவது கடிதம். குற்றச்சாட்டு என்று ஒன்று எழுந்தால் உள்ளக விசாரணை வைத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும்.

இத்தனை கடிதங்கள் எதற்கு என்று முதலில் சலிப்பாக இருக்கும். வேலைநீக்கம் நியாயமற்றது என்று கருதும் தொழிலாளி 6 மாதத்துக்குள் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். அங்கே உங்கள் கோவைதான் பேசும். ஒழுக்காற்றுக் காரணம் எதுவும் இல்லாமல் ஆட்குறைப்புச் செய்வது இன்னும் கடினம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அப்படி நிறுத்துவதற்குத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இந்தச் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்பதைக் கண்டு எரிச்சல்படும் மனிதவள அலுவலர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவராகிவிடாதீர்கள். வன்னியில் ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் நின்றால் முழுக் குடும்பமும் அல்லவா நிலைகுலைகிறது!

அடுத்தது சம்பளச் சிட்டை. நேர்முகப் பரீட்சையில் இதைக் கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஆகவே கையால் போட்டுப் பழகுங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்க்காமல் ஒருவரின் மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 வீதம், அதாவது 3,200 ரூபாய் கழிப்பீர்கள். நிறுவனம் தன் பங்காக 12 வீதம், 4,800 ரூபாய் கட்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமான 1,200 ரூபாயையும் நிறுவனமே செலுத்த வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கவே கூடாது. பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் 5 ஆண்டுகளை நிறைவுசெய்த பின் விலகினால், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதத் தொகை கிடைக்கும். இதே 40,000 ரூபாய்க்காரர் 8 ஆண்டுகள் வேலை செய்திருந்தால் 160,000 ரூபாய். இந்தச் சட்டங்களின் தமிழ்ப் பிரதிகளைத் தேடி எடுத்து வாசியுங்கள். விளங்காத இடத்தை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

சுயவிபரக் கோவையில் படைமொழியைத் தவிருங்கள். “பிரிவுக் கடமைகளைத் திறம்பட ஆற்றினேன்” என்றால் வாசிப்பவருக்கு எதுவும் புலப்படாது. உங்கள் பிரிவில் 60 பேர் இருந்தால், “60 பேரின் நாளாந்த வரவைப் பதிந்து, மாத முடிவில் சம்பளப் பிரிவுக்கு அறிக்கை கொடுத்தேன், லீவு விண்ணப்பங்களைச் சரிபார்த்தேன், புதிதாக வந்தவர்களுக்கு வேலை பழக்கினேன்” என்று எழுதுங்கள். இரண்டு பேருக்கிடையில் வந்த பிணக்கைத் தீர்த்துவைத்திருந்தால் பெயர் சொல்லாமல் அதையும் ஒரு வரியில் சேருங்கள். அது பெரிய தகுதி.

சீருடையில் இருந்தவளை எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் தவறாதவர், பதிவேடு ஒழுங்காக வைப்பவர் என்று முதலாளிகள் விரும்பியே எடுப்பார்கள். எனக்கு உள்ள கவலை தொழிலாளர்களைப் பற்றியது. சீருடையில் வேலை செய்தவர் என்று தெரிந்தால் சிலர் உங்களிடம் வாய் திறக்கத் தயங்குவார்கள். நம் மண்ணின் கதை அப்படி. அதற்காக அவர்களை நோகாதீர்கள். மேற்பார்வையாளர் தொல்லை தருகிறார் என்று ஒரு பெண் வந்து சொன்னால், நிறுவனத்தின் விதிப்படி விசாரணைக்கு எது தேவையோ அதை மட்டும், தெரிய வேண்டியவரிடம் மட்டும் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேரின் விஷயத்தில் அப்படி நடந்துகொண்டால் மற்றவர்களும் தாமாகவே வருவார்கள். போர் முடிந்த 2009க்கு முந்திய வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. விண்ணப்பத்திலும் அதை வலிந்து எழுத வேண்டியதில்லை. நேர்முகத்தில் கேட்டால் பொய் சொல்லாமல் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, வேலையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, மனிதவளத் துறைக்கென்று நாட்டில் மதிக்கப்படுவது பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவனம், சி.ஐ.பி.எம். என்பார்கள். 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. அதன் தொழில்சார் தகைமையைப் படிப்படியாகப் படிக்கலாம், ஆனால் ஆங்கிலம் வேண்டும். ஆகவே ஆங்கிலத்தையும் எக்செலையும் இன்றே தொடங்குங்கள். பணியிடத்தில் பழகிய சிங்களம் உங்களுக்கு இருக்கும். தலைமை அலுவலகத்தோடு பேசும்போது அது பெரிய கைகொடுப்பு. பட்டப்படிப்பு பிறகு வரட்டும். அதற்கு இப்போதே கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டாம்.

கடைசியாக, நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். விலகினால் இதுவரையிலான சேவைக்குரிய உரிமைகள் என்னவாகும் என்பதைத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சேவைச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் இல்லாமல் வெளியே வராதீர்கள். புதிய இடத்தில் தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தருமபுரம் வரை தொழிற்சாலை பஸ் வருமா, மேலதிக நேர வேலை உள்ள நாட்களில் அது எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.