சதுரங்கத்துக்கென்று தனி சிப்: வாங்க ஆள் உண்டா?

கேள்வி: நான் மின்னணுப் பொறியாளர். சதுரங்க நகர்வுகளைக் கணக்கிடும் சுற்று ஒன்றை எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் (உள்ளிருக்கும் சுற்றை வேண்டியபடி மாற்றி எழுதக்கூடிய சிப்) வடிவமைத்திருக்கிறேன். கணினியில் செருகும் அட்டையாகத் தயாரித்தால் விற்குமா?

பதில்: விற்காது என்றே கருதுகிறேன். உங்கள் யோசனைக்கு மிக நெருங்கி வந்தவர் ஆஸ்திரிய நிரலாளர் கிரில்லி டோனிங்கர். சதுரங்க மென்பொருள் விற்கும் செஸ்பேஸ் நிறுவனத்தின் ஆதரவில் அவர் உருவாக்கிய புரூட்டஸ் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. அட்டைதான், 2003-இல் கிராஸ் நகரில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டிக்குப் பின் அந்நிறுவனம் அதைக் கைவிட்டது. அதன் வாரிசான ஹைட்ரா, அபுதாபி நிறுவனம் ஒன்றின் பணத்தில் வளர்ந்து, 2005-இல் லண்டனில் இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5½–½ என்று நொறுக்கியது. ஆனால் மறு ஆண்டே பான் நகரில், கடையில் வாங்கக்கூடிய பாகங்களால் ஆன கணினியில் ஓடிய டீப் ஃபிரிட்ஸ் என்ற மென்பொருள், உலகச் சாம்பியன் கிராம்னிக்கை 4–2 என வென்றுவிட்டது. அதன் பிறகு தனி வன்பொருளுக்குக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்?

தொழில்நுட்பக் காரணம் இன்னும் வலுவானது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சின் (ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்), கணினிச் செயலியின் ஒரே ஒரு கோரில், ஒரு நிலையை அலசி முடிக்க ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடியே (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) எடுத்துக்கொள்கிறது. உங்கள் அட்டைக்குக் கேள்வியை அனுப்பிப் பதிலைத் திரும்பப் பெறவே அவ்வளவு நேரமாவது ஆகும் என்பதால், நகர்வுகளை மட்டும் அட்டையிடம் ஒப்படைப்பதில் ஆதாயம் இல்லை. 1997-இல் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐ.பி.எம். கணினி டீப் புளூ, தேடலின் கடைசிப் படிகளை முழுவதுமாகவே தன் 480 சிப்புகளிடம் விட்டு இந்தச் சிக்கலைத் தவிர்த்தது. அப்படிச் செய்தால் தேடல் உத்தியும் மதிப்பீடும் சுற்றுக்குள் உறைந்துவிடும். ஸ்டாக்ஃபிஷோ தன்னார்வலர்களின் சோதனைகளால் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கிறது, அதுவும் இலவசமாக. எஃப்.பி.ஜி.ஏ.வைத் திருத்தி எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், ஆனால் அந்த வேகத்துக்கு ஒருவரால் ஈடுகொடுக்க முடியாது. நரம்பியல் வலையை நம்பும் லீலா போன்ற எஞ்சின்களுக்கோ, கணினி விளையாட்டுப் பிரியர்களுக்காக லட்சக்கணக்கில் தயாராகும் கிராஃபிக்ஸ் கார்டே போதும்.

பணம் வரக்கூடிய இடம் பலகை. காய்களை நகர்த்தினால் தானே உணர்ந்து, கைப்பேசி வழியே இணைய ஆட்டத்தோடு இணையும் மின்னணுப் பலகைகளுக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். காய்களில் காந்தமும், கட்டங்களில் காந்தம் நெருங்கினால் இயங்கும் ரீட் சுவிட்சும் வைத்தால் செலவு குறையும்; ஆனால் கட்டத்தில் காய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் ராணியானதா குதிரையானதா என்பதை ஆடுபவரிடம்தான் கேட்க வேண்டும். காய்க்குக் காய் வேறு அதிர்வெண் கொண்ட கம்பிச்சுருளைப் பொருத்தினால் இந்தக் குழப்பம் தீரும், விலை ஏறும். உங்கள் உழைப்பை இங்கே செலுத்துங்கள். உள்ளே ஸ்டாக்ஃபிஷை வைத்து விற்பதாக இருந்தால், அதன் ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தின்படி மூல நிரலை வாங்குவோருக்குக் கிடைக்கச் செய்தாக வேண்டும். இந்த உரிமம் தொடர்பாக ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021-இல் செஸ்பேஸ் மீதே வழக்குத் தொடுத்தார்கள்.