டி ஆன்சா யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவின் கூப்பர்ட்டினோவில் வேலை பார்க்கிறேன். தினமும் டி ஆன்சா சாலை வழியாகத்தான் அலுவலகம். பக்கத்திலேயே அவர் பேரில் ஒரு கல்லூரியும் இருக்கிறது. அந்த ஆள் யாரென்று இத்தனை வருடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சமீபத்தில் மதிய உணவுப் பேச்சில் ஒரு நண்பர், "கோர்த்தேஸ் மாதிரி இன்னொரு கொள்ளைக்காரன், பேரை எடுத்துவிட வேண்டும்" என்றார். இன்னொருவர், "சான் பிரான்சிஸ்கோவை உருவாக்கியவரே அவர்தான்" என்று சண்டைக்கு வந்தார். யார் சொல்வது சரி? ஸ்பானியக் காலனியப் படை அதிகாரி ஒருவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவது நண்பரின் பேச்சை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். ஹுவான் பவுதிஸ்தா டி ஆன்சா 1776 மார்ச் மாதக் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிப் பார்த்து, கோட்டைக்கும் மாதா கோயிலுக்கும் இடம் குறித்தார். குறித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஜூனில் குடும்பங்களை அங்கே கூட்டிப்போனவர் அவருடைய துணை அதிகாரி மொராகா. செப்டம்பரில் கோட்டை எழுந்தபோது ஆன்சா ஊரில் இல்லை. மார்ச்சில் வளைகுடாவைப் பார்க்கப் போகிற வழியில் ஆன்சாவின் ஆட்கள் ஓர் ஓடைக்குப் புனிதர் கூப்பர்ட்டினோ சூசையப்பரின் பெயரை வைத்தார்கள். உங்கள் ஊருக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

கோர்த்தேஸ் என்று சொன்னவருக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அஸ்டெக் பேரரசை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் மெக்சிகோவில் இறங்கியது 1519இல். ஆன்சா பிறந்தது 1736இல், அதுவும் ஸ்பெயினில் அல்ல. இன்றைய மெக்சிகோவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் சொனோராவில். ஸ்பானியப் பேரரசு அங்கே களைத்துப்போய் நின்றிருந்தது. நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் மண்சுவர்க் கோட்டைகள், ஒவ்வொன்றிலும் ஐம்பது சிப்பாய் இருந்தால் அதிகம். அம்பு தைக்காமலிருக்கப் பல அடுக்குத் தோலைத் தைத்து மேலங்கியாகப் போட்டுக்கொள்வார்கள், அந்த வெயிலில். அப்பாச்சிப் பூர்வகுடிகள் குதிரைகளை ஓட்டிப்போவார்கள், இவர்கள் துரத்துவார்கள், பிறகு மறுபடியும் அதே கதை. ஆன்சாவின் அப்பாவும் இப்படிப்பட்ட கோட்டைத் தலைவர்தான். 1740இல் அப்பாச்சிகள் அவரைக் கொன்றபோது பையனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. பதினைந்து பதினாறு வயதில் படையில் சேர்ந்த மகன் 1760இல், இன்றைய அரிசோனாவில் இருக்கும் தூபாக் கோட்டைக்குத் தலைவரானார். சண்டை போட்டார், கொன்றார். அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஒரு வழியால். கலிஃபோர்னியாவில் 1769 முதல் ஸ்பானியர்கள் வைத்த குடியிருப்புகளுக்கு அரிசி பருப்பு வரைக்கும் கப்பலில் வர வேண்டியிருந்தது. எதிர்க்காற்று, கப்பல் தாமதம், பட்டினி. சொனோராவிலிருந்து தரைவழி ஒன்று தேவைப்பட்டது. நடுவே பாலைவனம், பாலைவனத்தின் நடுவே கொலராடோ ஆறு. ஆற்றைக் கடக்கத் தோதான துறை யூமா என்ற பூர்வகுடி மக்களின் கையில். அவர்கள் தலைவரை ஸ்பானியர்கள் சால்வதோர் பால்மா என்று அழைத்தார்கள்.

1774இல் ஆன்சா முதல்முறை போனபோது வழிகாட்டியாக இருந்தவர் செபாஸ்தியான் தராபால். கலிஃபோர்னியப் பாதிரிமார்களிடமிருந்து தப்பி, பாலைவனத்தைக் கடந்து ஓடிவந்த பூர்வகுடி. "கண்டுபிடிப்பாளர்" ஆன்சாவுக்கு முன்பே அந்தப் பாலையைக் கடந்தவர், எதிர்த்திசையில். ஆற்றுக்கு மேற்கே மணல்மேடுகளில் சிக்கிக் குதிரைகள் விழ ஆரம்பித்ததும், ஆன்சா பின்வாங்கி, மூட்டை முடிச்சுகளையும் ஆட்களில் ஒரு பகுதியையும் பால்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு வேறு பக்கமாகப் போனார். மார்ச் 22 அன்று பாதிரிமார்களின் குடியிருப்பான சான் கபிரியேல் மிஷனைப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த பயணம்தான் பெரியது. 1775 அக்டோபரில் தூபாக்கிலிருந்து சுமார் 240 பேர், ஆயிரம் கால்நடைகளுக்கு மேல். பெரும்பாலும் மெக்சிகோவின் சினலோவாப் பக்கத்து ஏழைக் குடும்பங்கள். பூர்வகுடி, ஆப்பிரிக்க, ஸ்பானிய ரத்தம் கலந்தவர்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். முதல் இரவே ஒரு பெண் பிரசவத்தில் இறந்தார். அதற்கப்புறம் கலிஃபோர்னியாவின் மான்டரே வரைக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு சாவுகூட இல்லை. பாலைவனத்தில் தண்ணீர் மெதுவாக ஊறுவதால் கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு நாள் இடைவெளிவிட்டு அனுப்பினார். முந்தின கூட்டம் குடித்துத் தீர்த்த ஊற்று, அடுத்தது வருவதற்குள் ஊறிவிட வேண்டும் என்பது கணக்கு. எனக்கு அவருடைய சண்டைகளைவிட இந்தக் கணக்கு பிடிக்கும்.

கூடவே வந்த பாதிரியார் பேத்ரோ ஃபான்ட் ஒரு நாட்குறிப்பு எழுதினார். வயிற்றுக் கோளாறு, தலைசுற்றல், தளபதி மேல் கோபம் எல்லாம் அதில் உண்டு. கொலராடோவைக் கடந்தபோது இன்னொரு பாதிரியாரான கர்சேஸை மூன்று யூமாக்கள் தோளில் தூக்கிப்போனார்களாம். தலைப்பக்கம் இரண்டு பேர், கால்பக்கம் ஒருவர், அவர் மல்லாந்து பிணம்போலக் கிடந்தபடி அக்கரை சேர்ந்தார் என்கிறார். டிசம்பர் 17 இரவு, பாலைவனத்தைத் தாண்டிய மூன்று கூட்டமும் ஒன்று சேர்ந்த மகிழ்ச்சியில் ஆட்டம் பாட்டம். இளம் விதவை ஒருத்தி கொஞ்சம் பச்சையான பாட்டுகளைப் பாடினாள், கூட்டம் கைதட்டியது. அவளோடு சேர்ந்து வந்தவனுக்கு ரோஷம் வந்து அவளை அடித்தான். ஆன்சா கூடாரத்திலிருந்து வெளியே வந்து அவனைக் கண்டித்தார். "விடுங்கள், அவன் செய்வது சரிதான்" என்கிறார் ஃபான்ட். "என் கண் முன்னால் இதை அனுமதிக்க முடியாது" என்கிறார் ஆன்சா. அந்தப் பெண் ஃபெலிசியானா அர்பாயோ என்று பிற்பாடு வரலாற்றாசிரியர்கள் அடையாளம் கண்டார்கள். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு வந்தவள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் மகன் பீயோ பீகோதான், மெக்சிகோ ஆட்சியில் கலிஃபோர்னியாவின் கடைசி ஆளுநர்.

சரி, பால்மாவுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு நிஜமான பதில் அங்கேதான் இருக்கிறது. ஆன்சா அவருக்கு ராஜாவின் உருவம் பொறித்த பதக்கம் போட்டார், உடை கொடுத்தார், 1776இல் மெக்சிகோ நகரத்துக்கே கூட்டிப்போய் வைஸ்ராய் முன்னால் நிறுத்தினார். அடுத்த வருடம் அங்கே பால்மாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஊர் திரும்பியவர் தன் மக்களிடம் என்ன சொல்லியிருப்பார்? பொருள் வரும், பாதுகாப்பு வரும் என்றுதான். அதற்குள் ஆன்சாவை நியூ மெக்சிகோவுக்கு ஆளுநராகப் போட்டாயிற்று. வடபகுதி தலைமைத் தளபதி தெயோதோரோ டி கிரோய் கையில் பணமில்லை. கடைசியில் யூமாக்களுக்கு வந்தது கோட்டையும் அல்ல, முறையான மிஷனும் அல்ல. இரண்டுங்கெட்டானாக இரண்டு சிறு குடியேற்றங்கள். வந்தவர்கள் யூமாக்களின் வயலிலேயே கை வைத்தார்கள், அவர்களுடைய மாடுகள் பயிரை மேய்ந்தன. 1781 ஜூலையில் யூமாக்கள் எழுந்தார்கள். ஸ்பானியர் தரப்பில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மல்லாந்தபடி ஆற்றைக் கடந்தாரே கர்சேஸ், அவரும் அதில் போனார். எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் பால்மாவும் ஒருவர். வழி மூடிக்கொண்டது; ஸ்பெயின் ஆட்சியில் அது திரும்ப உருப்படவில்லை. ஆன்சாவும் கர்சேஸும் யூமாக்களைப் பற்றி மிகையாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று கிரோய் பழியைத் தூக்கி அவர்கள் மேல் போட்டார். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஆனாலும் பால்மாவுக்கு ஆசை காட்டியதில் ஆன்சாவுக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன்.

நியூ மெக்சிகோவில் ஆன்சா முதலில் செய்தது போர்தான். 1779இல் சுமார் அறுநூறு பேரோடு கிளம்பி, வழக்கமான பாதையை விட்டு மலைக்கு மேற்கே சுற்றி, இன்றைய கொலராடோவில் கோமாஞ்சிப் பூர்வகுடித் தலைவர் குவேர்னோ வேர்தேயை மடக்கினார். செப்டம்பர் 3 அன்று அவரையும் அவருடைய மூத்த மகனையும் கொன்றார். குவேர்னோ வேர்தேயின் அப்பாவும் ஸ்பானியர்களோடு சண்டையில் இறந்தவர். இரண்டு பக்கமும் அப்பனை இழந்த பிள்ளைகள்.

கோமாஞ்சிகளே சமாதானம் பேச வந்தபோது அவர் போட்ட நிபந்தனை கவனிக்கத்தக்கது: ஆளுக்கொரு பேச்சு கூடாது, எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் பேச வேண்டும். அவர்கள் எகுவேரகாபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1786இல் பெகோஸில் உடன்பாடு, கூடவே சந்தை. ஸ்பானிய வியாபாரிகள் ஏமாற்றுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம் என்று ஆன்சாவுக்குத் தெரியும். அதனால் விலையை முன்கூட்டியே நிர்ணயித்து, தரையில் இரண்டு கோடு போட்டு, இவர்கள் இந்தக் கோட்டில், அவர்கள் அந்தக் கோட்டில், நடுவில் சரக்கு என்று நிறுத்தினார். நியூ மெக்சிகோவில் கோமாஞ்சிகளுடனான அந்தச் சமாதானம் ஸ்பெயின் ஆட்சி முடிகிறவரைக்கும் தாங்கியது. இதற்கான விலையை அப்பாச்சிகள் கொடுத்தார்கள். கோமாஞ்சிகளும் ஸ்பானியர்களும் சேர்ந்து அவர்களை வேட்டையாடினார்கள்.

ஆக, கோர்த்தேஸோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆன்சாவால் பூர்வகுடிகளின் சம்மதமில்லாமல் ஓர் ஆற்றைக்கூடக் கடக்க முடியவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது, மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இதை நல்ல குணம் என்று சொல்வீர்களோ, கெட்டிக்காரத்தனம் என்று சொல்வீர்களோ, உங்கள் பாடு. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பெயரை எடுப்பதா வைப்பதா என்பதை அங்கே வரி கட்டுகிற நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

1788 டிசம்பரில் ஆன்சா சொனோராவின் அரிஸ்பேயில் இறந்தார், ஐம்பத்திரண்டு வயதில். மேற்கொண்டு படிக்க நினைத்தால் ஓரிகன் பல்கலைக்கழகத் தளத்தில் அவருடைய நாட்குறிப்பும் ஃபான்டுடையதும் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. ஆன்சாவுடையது அலுவலக அறிக்கை: இத்தனை லீக் (பழைய தூர அளவு) நடந்தோம், இங்கே புல் உண்டு, அங்கே தண்ணீர் இல்லை. நீங்கள் ஃபான்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்