உயர் ஆபத்துள்ள கர்ப்பிணிகளின் விடுதியில் தாதியருக்கு என்ன வேலை?

பிரஷர் பார்ப்பதையும் மருந்து கொடுப்பதையும் விட அந்த விடுதியில் தாதியருக்கு வேறு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலையொன்றில் அத்தகைய விடுதியில் பணியாற்றுபவள் நான். தாய்மார் சொல்லாமல் விடுவதைக் கேட்டறிவதே எங்கள் வேலையின் பெரும்பகுதி என்பேன்.

நீரிழிவு, இரட்டைக் கர்ப்பம், இருதய நோய் எனப் பல காரணங்களுக்காக அனுமதிக்கப்படுகிறார்கள். ஆனால் எங்களை அதிகம் விழித்திருக்க வைப்பது உயர் குருதியமுக்கம்தான். 20 வாரங்களுக்குப் பின் அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் சென்று, சிறுநீரில் புரதமும் காணப்பட்டால், வலிப்பு வரும் அபாயம் உண்டு. கடும் தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று நோ ஆகியவை அதற்கான எச்சரிக்கைகள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வந்த தாயொருவர் மேல்வயிற்று நோவை "காஸ்ட்ரிக்தான் மிஸ்" என்று சொல்லிவிடுவார்; தலையிடியையோ, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையை நினைத்து நித்திரை கொள்ளாததால் வந்தது என்பார். போகிற போக்கில் கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற பதிலே கிடைக்கும். கட்டிலருகே நின்று, சுவர் மணிக்கூட்டின் முள் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கும்போதுதான் உண்மை வெளிவரும். ஆளணி குறைந்த இரவுகளில் முதலில் விடுபட்டுப்போவது இந்த விசாரிப்பே என்பது எனக்குப் பெரும் கவலை.

மக்னீசியம் சல்பேற்று ஏற்றத் தொடங்கிய பின் அந்தத் தாயைத் தனியே விட முடியாது. வலிப்பைத் தடுக்கும் அதே மருந்து, உடலில் மிகுந்துவிட்டால் சுவாசத்தையே அடக்கிவிடும். சுவாசம் குறைவதற்கு முன்பே முழங்கால் துள்ளல் மறைந்துவிடும் என்பதால், சிறு சுத்தியலால் முழங்காற் சில்லுக்குக் கீழே தட்டிப் பார்ப்போம்; சுவாசத்தை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவோம்; மருந்து சிறுநீரகங்கள் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீர் சேகரிக்கும் பையில் மணிக்கு 30 மில்லிலீற்றராவது சேர்கிறதா என்று குனிந்து பார்ப்போம். துள்ளல் இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரை அழைப்போம்; அதன் முறிமருந்தான கல்சியம் குளுக்கோனேற்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

பிள்ளை பிறந்ததும் "துண்டு வெட்டித் தாங்க மிஸ்" என்று, தாயை வீட்டுக்குக் கூட்டிப்போக உறவினர் அவசரப்படுவதும் நியாயமே. ஆயினும் பிரசவத்தின் பின்னரும், குறிப்பாக முதல் 48 மணித்தியாலங்களில், வலிப்பு வரக்கூடும். அதனால் தாயிடம் மட்டுமன்றி, அவரைப் பராமரிக்கப்போகும் அம்மம்மாவிடமும் சொல்லியனுப்புகிறோம்: தலையிடியோ கண் மங்கலோ வந்தால், குடும்பநல மாது வீட்டுக்கு வரும் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே கூட்டிவாருங்கள்.