வெஞ்சனம் குறைந்த தட்டு: நார்ச்சத்து கேள்வி பதில்

மதுரையில் 22 வருடம் மருத்துவமனைச் சமையலறைக்கும் வார்டுக்கும் நடுவில் உணவு ஆலோசகராக நடந்தவள் நான். நார்ச்சத்து பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்களை அவரவர் ஊர், பகுதி பெயரால் குறிக்கிறேன். அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். 6 முதல் 9 வயதுக்கு 21 கிராம், 2 முதல் 5 வயதுக்கு 15 கிராம்.

திருமங்கலம்: மேடம், மூணு வேளையும் வயிறு நிறையத்தான் சாப்பிடுறேன். காலையில அஞ்சு இட்லி, மத்தியானம் சோறு சாம்பார், ராத்திரி பரோட்டா. ஆனா மூணு நாளைக்கு ஒருக்காதான் வெளிக்குப் போகுது.

தம்பி, வயிறு நிறைகிறது, நார் சேரவில்லை. தீட்டிய அரிசி 100 கிராமில் நார் 3 கிராம்கூடக் கிடையாது. மைதாவும் அதே கதைதான். இட்லியில் உளுந்து கொஞ்சம் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எழுதிய பட்டியலில் வெஞ்சனம், அதாவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய்கறி, என்ற பேச்சே இல்லையே!

சோறு எவ்வளவோ அவ்வளவு காய் தட்டில் இருக்கட்டும். அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைப்பூ, கீரை, எது மலிவோ அது. சாயந்திரம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடுங்கள். வேகவைக்கும் முன் அளந்தால் 100 கிராம் கடலையில் 25 கிராம் நார் இருக்கிறது. ஒரு கைப்பிடியே எட்டு, பத்து கிராம் தந்துவிடும். ஒரு கொய்யா, வாரத்தில் இரண்டு நாள் கேப்பைக்களி அல்லது கம்பங்கூழ். கேப்பையிலும் கம்பிலும் 100 கிராமுக்கு 11 கிராம் அளவு உண்டு.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டாதீர்கள், வயிறு உப்பி வெறுத்துப்போகும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும்.

செல்லூர்: இசப்கோல் தினமும் குடிக்கலாமா?

குடிக்கலாம். இது ஒரு விதையின் உமியிலிருந்து வரும் நார். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். உலர்ந்த தூளாக வாயில் போடவே கூடாது, தொண்டையில் வீங்கி அடைத்துக்கொள்ளும். மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சிம்மக்கல்: ஜிகர்தண்டாவுல போடுற கடல்பாசி நார்ச்சத்துதானே அக்கா?

நார்தான். ஆனால் அந்தக் கட்டியில் பெரும்பங்கு தண்ணீர். கூடவே வரும் சர்க்கரையையும் ஐஸ்கிரீமையும் பார்க்கும்போது அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆசைக்குக் குடியுங்கள்.

உசிலம்பட்டி: ஆறு மாசமா குதிரைவாலிச் சோறுதான் சாப்பிடுறேன். சுகர் இறங்கலையே?

அண்ணே, உங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளைகிற தானியம் இது, நல்ல தானியம். கேள்வி, கடையில் வாங்கியது எப்படித் தீட்டப்பட்டது என்பதுதான். பால் போல வெள்ளையாக இருந்தால் தவிடு முழுக்கப் போய்விட்டது, நாரும் அதோடு போய்விட்டது. மிச்சம் மாவுச்சத்துதான். லேசாகப் பழுப்பு ஓடிய, உமி மட்டும் நீக்கிய அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள். சிறுதானியம் என்று பெயர் இருந்தால் இரண்டு தட்டு சாப்பிடலாம் என்றும் நினைக்காதீர்கள்.

மேலூர்: எங்க அய்யா எண்பது வயசு வரைக்கும் பழைய சோறுதான். அதுல இல்லாத நாரா?

அண்ணா நகர்: மேலூர்க்காரர் சொல்றதை நம்பாதீங்க. பழைய சோறும் சோறுதான், சுகர் உள்ளவங்க தொடவே கூடாது.

மேலூர்: தொட்டுப் பாக்காதவங்க பேசக் கூடாது!

இரண்டு பேரும் பொறுங்கள். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அரிசி வேகும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து விரிகிறது. அந்த நிலையில் நம் செரிமான நொதிகள் அதைச் சுலபமாக உடைக்கும். ஆறி இரவு முழுக்கக் கிடக்கும்போது அதில் ஒரு பங்கு மறுபடி இறுகிக்கொள்கிறது. இறுகிய பங்கை நொதிகளால் உடைக்க முடியாது. சிறுகுடலைத் தாண்டி, நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்ரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். மேலூர் அய்யா சொன்னதில் உண்மை உண்டு.

ஆனால் அப்படிக் கூடுவது 100 கிராம் சோற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான். மற்றதெல்லாம் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் சேரும். அந்த இடத்தில் அண்ணா நகர் சொல்வதும் சரி, ‘தொடவே கூடாது’ என்பது மட்டும் சரியில்லை. பழைய சோற்றோடு கடித்த சின்ன வெங்காயத்தை இருவருமே மறந்துவிட்டீர்கள். குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும், தண்ணீரில் கரையும் நார் அதில் இருக்கிறது.

மேலூர்: அப்ப நான் சாப்பிடலாமா, கூடாதா? எனக்கும் சுகர் இருக்கு.

ஒரு நாள் சுடுசோறு, இன்னொரு நாள் அதே கிண்ணம் அளவு பழைய சோறு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு நாளும் வீட்டு மிஷினில் பாருங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஆரப்பாளையம்: இசப்கோல் எத்தனை நாள் குடிக்கலாம்?
வாடிப்பட்டி: இசப்கோல் நல்லதா மேடம்?

செல்லூருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்!

ஒத்தக்கடை: நார்ச்சத்து பிஸ்கட்?

மைதாவும் சர்க்கரையும் எத்தனை கிராம் என்று உறையைத் திருப்பிப் பாருங்கள். சுண்டல் மலிவு.

நரிமேடு: நார் கொழுப்பை எப்படிக் குறைக்குது?

கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். அதை ஈடுகட்ட ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதுப் பித்தம் செய்யும். ஓட்ஸ், பயறு, கொய்யா, வெண்டைக்காய் எல்லாவற்றிலும் இந்த நார் உண்டு.

டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்காக ஒருவர் கேட்டது: கீரை, பழம் கூட்டலாமா?

என் பதிலை வைத்துக் கூட்டாதீர்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. அவருடைய சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திருநகர்: ஏழு வயசுப் பையன் அழுதுக்கிட்டேதான் வெளிக்குப் போறான். காய் தொட மாட்டேங்குறான்.

அம்மா, காய்க்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: பள்ளியில் அவன் அடக்கிக்கொள்கிறானா? என்னிடம் வந்த பிள்ளைகளில் நிறையப் பேர் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கியவர்கள். தண்ணீர் பாட்டிலும் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். அடக்க அடக்கப் பெருங்குடல் நீரை உறிஞ்சி மலத்தைக் கல்லாக்கும். வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவான். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்கார வையுங்கள், கால் தொங்காமல் பலகை போடுங்கள். காய் பிடிக்காவிட்டால் பாசிப்பயறு அடை, கொய்யா, உலர்ந்த திராட்சை கொடுத்துப் பாருங்கள். பழத்தைச் சாறாக்கி வடிகட்டாதீர்கள், நார் வடிகட்டியிலேயே தங்கிவிடும். ரத்தம் பட்டாலோ, வயிறு வீங்கி வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

பரவை: மேடம், இசப்கோல் பால்ல கலக்கலாமா?

கலக்கலாம். குடித்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர்.