ரோபோ வாசலிலேயே நிற்கும் மாடுகள்

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் லிம் சூ காங்கில் 52 கறவை மாடுகள் வைத்திருக்கிறோம், எல்லாம் ஹோல்ஸ்டீன் கலப்பு. மூன்று மாதமாக ரோபோதான் கறக்கிறது. பகல் 11 மணியிலிருந்து 5 மணிவரை மாடுகள் தாமாக வந்து நிற்க வேண்டிய கறவைப் பெட்டி காலியாகக் கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாடுகள் அதன் வாசலிலேயே நின்றாலும் உள்ளே போவதில்லை. நள்ளிரவுக்கு மேல் ஒரே நெரிசல். தினமும் பதினைந்து மாடுகளை ஆள் வைத்து ஓட்டிவர வேண்டியிருக்கிறது. வரவழைக்கத்தான் வாசலில் பெரிய மின்விசிறியும் மாட்டினோம். பெட்டியில் அடர்தீவனத்தைக் கூட்டட்டுமா?

பதில்: தீவனத்தைக் கூட்டாதீர்கள். போகிற போக்கில் சொன்னீர்களே ஒரு மின்விசிறி, கோளாறு அதில்தான்.

மடி கனத்தால் மாடு தானே கறக்க வரும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பெட்டிக்கு வருவது பெரும்பாலும் தீவன ருசிக்காக. தேக்காவில் மாட்டுக் கொட்டில்கள் இருந்த நாளில் செம்புச் சத்தம் கேட்டதும் பால் சுரந்த மாடுகளும் பழக்கத்தால் சுரந்தவைதான். (அங்குள்ள பஃப்பலோ ரோட்டில் இன்று மிச்சமிருப்பது பெயர் மட்டும்.) வெக்கை ஏறிவிட்டால் மாட்டுக்குத் தீவனத்தைவிடக் காற்று பெரிது. உங்கள் கொட்டகையில் நல்ல காற்று வாசலில் மட்டும் வீசுகிறது. அங்கே முதலில் வந்து நிற்பது மந்தையின் மூத்த, முரட்டு மாடுகள். அவை உள்ளேயும் போகாது, வழியும் விடாது. தலையீற்று மாடு அவற்றைத் தாண்டிப் போகத் துணியாமல் நள்ளிரவுவரை காத்திருக்கும்.

கணக்கையும் பாருங்கள். ஒரு மாடு நாளுக்கு சராசரி இரண்டரை முறை, முறைக்கு 7 நிமிடம் என்றால் 52 மாடுகளுக்குப் பதினைந்து மணி நேரம் வேண்டும். கழுவ இரண்டு மணி நேரம். பகலில் ஆறு மணி நேரம் வீணானால் நாளில் மிஞ்சுவது ஒரே மணி நேரம்! இரவு நெரிசல் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதா?

வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் எண் வெப்ப ஈரப்பதக் குறியீடு. பால்மாட்டுக்கு அது 70ஐ ஒட்டியே சிரமம் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் சாதாரண நாளிலேயே குறியீடு 80ஐத் தொடும். இரவிலும் 75க்குக் கீழே இறங்குவது அபூர்வம். வெக்கையில் மாடு படுக்காது, உடல் சூட்டை வெளியேற்ற நின்றுகொண்டே இருக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டிய மாடு இப்படி ஈரத் தரையில் நின்றால் குளம்பு கெடும், நொண்டும், பிறகு பெட்டிக்கே வராது. நீங்கள் ஓட்டிவரும் பதினைந்தில் எத்தனை மாடு நொண்டுகிறது? மூன்று நாள் தொடர்ந்து ஒரே மாட்டை ஓட்ட வேண்டியிருந்தால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்.

அந்த மின்விசிறியைக் கழற்றிப் படுக்கைகளுக்கு மேல் மாட்டுங்கள், தீவனத் தொட்டி வரிசைக்கும் வையுங்கள். பெட்டிக்குள் முதுகில் படும்படி ஒரு சிறியது போதும். வாசலுக்கு முன் ஆறு மீட்டராவது திறந்த இடம் இருக்கட்டும். பனிமூட்டம் போலத் தண்ணீர் தூவும் குழாய் வாங்கிவிடாதீர்கள். நம் ஈரக்காற்றில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். தீவனத் தொட்டியருகே பெரிய துளியாக ஒரு நிமிடம் முதுகை நனைத்து, பிறகு பத்து நிமிடமாவது காற்று விட்டால் பலன் உண்டு. தண்ணீர் மடிக்கு வழியும் அளவுக்கு விட்டால் மடிநோய் வரும்.

அடர்தீவனத்தைக் கூட்டினாலும் அந்த 7 நிமிடத்தில் மாடு இரண்டு கிலோவுக்கு மேல் தின்னாது. அளவு மீறினால் வயிற்றில் புளிப்பேறி, வருகிற மாடும் நின்றுவிடும். தீவனக் குழாயை மட்டும் திறந்து முகர்ந்து பாருங்கள். இங்கே இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை மாட்டுக்கு உங்களுக்கு முன்னால் தெரியும்.

கடைசியாகக் கறந்து பன்னிரண்டு மணி நேரம் தாண்டிய மாடுகளை மட்டும் ஓட்டுங்கள். எல்லாவற்றையும் குறித்த நேரத்தில் ஓட்டினால், ஆள் வந்து கூப்பிடும்வரை நிற்கலாம் என்று பழகிவிடும். மின்விசிறியை மாற்றி ஒரு வாரம் கழித்து, பகல் 1 மணிக்கு எத்தனை மாடு படுத்து அசைபோடுகிறது என்று எண்ணி எழுதுங்கள்.