வாங்கும் முன், வாங்கிய பின்: லக்கி பாம்பூ

கேள்வி: தண்ணீர்க் கிண்ணத்தில் தண்டுகளை ரிப்பன் கட்டி அடுக்கி விற்கிறார்களே, அந்த லக்கி பாம்பூ செடியை, இரண்டடுக்கில், 450 ரூபாய்க்கு வாங்கி, நல்ல வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்தேன். இலையெல்லாம் வெளுத்துப் பொசுங்கிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? – மதுரை வாசகி

பதில்: இல்லை, வெயில்தான் பொசுக்கியது. நேர்வெயில் படாத இடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: இலை நுனி மட்டும் பழுப்பாகிறது. 120 ரூபாய்க்கு ஊட்டத் திரவம் வாங்கி ஊற்றச் சொல்கிறார்கள். – திருச்சி வாசகர்

பதில்: வாங்காதீர்கள். குறை பெரும்பாலும் தண்ணீரில்தான். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும். உப்பும் ஃப்ளோரைடும் போகாது. மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை மாற்றும்போது கிண்ணத்தையும் கூழாங்கற்களையும் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். 2001-ல் கலிஃபோர்னியாவில் ஆசியப் புலிக்கொசு (அதுவும் ஏடிஸ் வகைதான்) போய் இறங்கியதே, தண்ணீரில் நிறுத்திக் கப்பலில் அனுப்பிய இந்தச் செடிகளோடுதான்.

கேள்வி: மகள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு மூன்றடுக்குச் செடி, 900 ரூபாய். ரிப்பனைப் பிரித்தால் உள்வரிசைத் தண்டுகள் மஞ்சளாகி, கொழகொழத்து நாறுகின்றன. மறுநாளே போனேன். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஓய்வூதியக்காரன். – தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் இதே கதிதான். நண்பர் கடை திறப்புக்கு 650 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். பத்தே நாளில் நடுத்தண்டுகள் அழுகிவிட்டன. தங்க நிற ரிப்பனை அழகுக்கென்று நினைத்திருந்தேன். அழுகலை மறைக்கவும் அது உதவுகிறது என்று அன்றுதான் புரிந்தது. அன்றிலிருந்து, ரிப்பனை விலக்கி ஒவ்வொரு தண்டையும் அழுத்திப் பார்க்காமல் வாங்குவதில்லை. பார்க்க விடாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

'வாபஸ் இல்லை' என்று அச்சடித்துவிட்டால் சட்டம் செத்துப்போகாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் வரை கேட்கலாம். இத்தனை வருடமாக எழுதுகிறேன், 'வாபஸ் இல்லை' என்ற அந்த ஒரு வரியை இன்னும் பில்லில் அடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கூச்சப்பட்டு வீடு திரும்பும் பெரியவர்களின் பணத்தில்தான் அந்த வரி பிழைக்கிறது. செடியைப் படமெடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. படமெடுத்த கையோடு நல்ல தண்டுகளைப் பிரித்து வேறு தண்ணீரில் வையுங்கள். மஞ்சளான தண்டு மறுபடி பச்சையாகாது. நுனி பச்சையாக இருந்தால் வெட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள், வேர் விடும். வேர் செம்மஞ்சளாக இருந்தால் நல்லதே, கருத்தால்தான் அழுகல்.

கேள்வி: ஆன்லைனில் '100 லக்கி பாம்பூ விதைகள்' 199 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்றும் முளைக்கவில்லை. – கோவை வாசகர்

பதில்: இது மூங்கிலே இல்லை, மத்திய ஆப்பிரிக்காவின் டிரசீனா என்ற செடி. தண்டை வெட்டி வைத்துத்தான் பெருக்குகிறார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தீர்களா? 199 ரூபாய்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இன்றே எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பூனை இந்த இலையைக் கடிக்கிறது. மூங்கில்தானே, பரவாயில்லையா? – சென்னை வாசகி

பதில்: பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். பூனைக்கும் நாய்க்கும் இது நஞ்சு, வாந்தி எடுக்கும். செடியை இன்றே எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். பூனை சோர்ந்து கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.